போராடும் உதைபந்தாட்ட வீரரின் தொழிலுக்கு என்ன நேர்கிறது?

திருகோணமலை மாவட்ட லீக்கில் ஆடும் தம்பி ஒருவர் இரண்டு கேள்விகளை அனுப்பியிருக்கிறார். அமெரிக்க வீரர் கொலின் கேப்பர்னிக் தேசிய கீதத்தின்போது மண்டியிட்டதனால்தான் தொழிலை இழந்தாரா, அல்லது ஆட்டம் தளர்ந்துபோனதால் அணிகள் அவரைச் சேர்க்காமல் விட்டனவா என்பது ஒன்று. நாளைக்குத் தமக்குக் கொழும்பிலோ மாலைதீவிலோ ஒப்பந்தம் கிடைத்து, மனத்தில் உள்ளதை உள்சட்டையில் எழுதி, கோல் அடித்தபின் காட்டினால் என்ன நேரும் என்பது மற்றது. இரண்டாவது கேள்விக்காகத்தான் முதலாவதைக் கேட்கிறார் என்பது விளங்குவதால், இரண்டுக்கும் சேர்த்தே சற்று நீளமாக எழுதுகிறேன்.

கேப்பர்னிக் ஆடியது நாம் மக்கெய்சர் விளையாட்டரங்கிலும் ஏகாம்பரம் மைதானத்திலும் ஆடுகிற உதைபந்தாட்டம் அல்ல. தலைக்கவசம் அணிந்து, பந்தைக் கையால் எறிந்தும் ஏந்தி ஓடியும் ஆடும் அமெரிக்க ஆட்டம் அது. சான் பிரான்சிஸ்கோ அணியில் தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் என்ற இடத்தில் ஆடிய அவர், 2013 பெப்ரவரியில் அந்நாட்டின் மிகப் பெரிய ஆட்டமான சுப்பர் போலில் தம் அணியை வழிநடத்தி, 34க்கு 31 என்ற கணக்கில் மயிரிழையில் தோற்றவர். 2014இல் அவருடன் செய்யப்பட்ட ஆறு ஆண்டு ஒப்பந்தத்தின் உச்சப் பெறுமதி 12 கோடியே 60 இலட்சம் டொலர் என்று அறிவிக்கப்பட்டது. ஆனால் அதில் பெரும்பகுதி உத்தரவாதமற்றது. அணி விரும்பினால் இடையில் விலக்கிவிடலாம். தம்பி, இந்த ஒரு விடயத்தை மனத்தில் வைத்துக்கொண்டு மிச்சத்தை வாசியுங்கள்.

2016 ஓகஸ்ட் 26ஆம் திகதி, பருவகாலத்துக்கு முந்திய பயிற்சி ஆட்டமொன்றில், கீதம் இசைக்கப்பட்ட வேளையில் எல்லாரும் நிற்க அவர் மட்டும் பக்கவாட்டு ஆசனத்தில் உட்கார்ந்திருந்தார். அதற்கு முந்திய இரண்டு ஆட்டங்களிலும் அப்படித்தான் இருந்தார். ஆட்ட உடையில் இல்லாததால் எவரும் கவனிக்கவில்லை. கறுப்பின மக்கள் மீதான பொலிஸ் வன்முறைக்கும் ஒடுக்குமுறைக்கும் எதிராகவே எழுந்து நிற்கவில்லை என்று விளக்கம் சொன்னார். அதன்பின் நடந்ததைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சிறப்புப் படையில் பணியாற்றியவரும் சிறிதுகாலம் அந்த ஆட்டத்தை ஆடியவருமான நேட் போயர் அவரைச் சந்தித்துப் பேசினார். உட்கார்ந்திருப்பது வீரமரணம் அடைந்தவர்களை அவமதிப்பதாகத் தோன்றலாம் என்றும், படையினர் தோழரின் கல்லறை முன் ஒரு காலில் மண்டியிடுவது வழக்கம் என்றும் அவர் எடுத்துச் சொல்ல, அதை ஏற்றுக்கொண்டு செப்டெம்பர் 1ஆம் திகதி சான் டியேகோவில் கேப்பர்னிக்கும் சக வீரர் எரிக் ரீடும் மண்டியிட்டார்கள். போயர் நெஞ்சில் கைவைத்துப் பக்கத்தில் நின்றார். ஆகவே மண்டியிடுதல் என்பதே மறுதரப்பின் மனவருத்தத்தைக் கேட்டு மாற்றிக்கொண்ட வடிவம். அவ்வளவு பணிவான வடிவத்துக்கே அந்த விலை கேட்கப்பட்டது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கொதிக்கிறது.

இனி, ஆட்டம் தளர்ந்ததா என்ற கேள்வி. 2016 பருவகாலத்தில் அவர் 12 ஆட்டங்களில் இறங்கினார். அவற்றில் 11 ஆட்டங்களைத் தொடக்கத்திலிருந்தே ஆடினார். எல்லைக்கோட்டைக் கடந்து புள்ளி பெற்றுத்தரும் டச்டவுன் எறிதல்கள் 16 கொடுத்தார். அவர் எறிந்த பந்தை எதிரணி நான்கு முறைதான் இடைமறித்துப் பிடித்தது. அணி மிகப் பலவீனமாக இருந்தது. 16 ஆட்டங்களில் 2இல்தான் வென்றது. 2013இல் இருந்த மின்னல் வேகம் அவரிடம் இல்லை என்று சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. 2017 மார்ச்சில் ஒப்பந்தத்திலிருந்து அவராகவே விலகினார் என்பதும் உண்மை. விலகியிராவிட்டாலும் அவரை விடுவித்திருப்போம் என்று புதிய நிர்வாகம் சொன்னதும் உண்மை. இதுவரை எடுத்தால் சாதாரணமான தொழில் முடிவாகவே தெரியும்.

ஆனால் அவர் முன்போல் சிறந்தவரா என்பதை இங்கே அளவுகோலாக வைக்க முடியாது. அவருக்குப் பதிலாக யாரைச் சேர்த்தார்கள் என்று பார்க்க வேண்டும். அந்த லீக்கில் 32 அணிகள். ஒவ்வொன்றும் குறைந்தது இரண்டு குவார்ட்டர்பேக்குகளை வைத்திருக்கும். 2017 ஓகஸ்டில் மயாமி அணியின் முதன்மை வீரர் காயப்பட்டபோது, ஓய்வு பெற்றுத் தொலைக்காட்சி வர்ணனையாளராகப் போகவிருந்த ஜே கட்லரை ஒரு கோடி டொலர் கொடுத்து அழைத்து வந்தார்கள். சியாட்டில் அணியின் பயிற்றுவிப்பாளர், கேப்பர்னிக்கை நேரில் அழைத்துப் பார்த்தபின், அவர் முதன்மை வீரராக ஆடும் தகுதி கொண்டவர் என்று புகழ்ந்துவிட்டு, தங்களிடம் ஏற்கெனவே ஒருவர் இருப்பதால் சேர்க்கவில்லை என்றார். தகுதி கூடிப்போனது ஒருவருக்கு வேலை மறுக்கக் காரணமாகும்போது, உண்மைக் காரணம் வேறெங்கோ இருக்கிறது என்றே நான் கொள்வேன். 29 வயதில், 2017 ஜனவரி 1ஆம் திகதி ஆடிய ஆட்டமே அவருடைய கடைசி ஆட்டமாயிற்று.

அணி உரிமையாளர்கள் கூட்டுச் சேர்ந்து தம்மை ஒதுக்கினார்கள் என்று 2017 ஒக்டோபரில் அவர் முறைப்பாடு செய்தார். வழக்கை ஆரம்பத்திலேயே தள்ளுபடி செய்யுமாறு லீக் கேட்டதை, பிணக்கை விசாரித்த நடுவர் 2018 ஓகஸ்டில் மறுத்துவிட்டார். 2019 பெப்ரவரியில் இரு தரப்பும் இரகசிய உடன்பாட்டுக்கு வந்தன. ஒவ்வோர் உரிமையாளரும் தனித்தனியே 'எனக்கு வேண்டாம்' என்று நினைத்திருந்தால் அது குற்றமாகாது. ஒருவரோடொருவர் பேசிவைத்து ஒதுக்கியிருந்தால்தான் குற்றம். அதை நிரூபிப்பது எவ்வளவு கடினம் என்று சொல்லத் தேவையில்லை. 2020 ஜூனில், கறுப்பினத்தவரான ஜோர்ஜ் ஃபுளொய்ட் பொலிஸாரால் கொல்லப்பட்டபின், வீரர்களின் குரலை முன்னரே கேட்காதது தவறு என்று லீக்கின் ஆணையாளர் காணொளியில் ஒப்புக்கொண்டார். அந்தக் காணொளியில் கேப்பர்னிக்கின் பெயர் வரவில்லை. அதன்பின்னும் எந்த அணியும் அவருடன் ஒப்பந்தம் செய்யவில்லை.

எனவே முதல் கேள்விக்கு என் பதில்: மண்டியிட்டதற்காகவே அவர் வெளியே நிறுத்தப்பட்டார், ஆட்டம் உச்சத்தில் இல்லாத தருணமாக அது இருந்தபடியால் அப்படி நிறுத்துவது அவர்களுக்கு எளிதாயிற்று. இரண்டும் சேர்ந்தே வேலை செய்தன. போராடிய வீரர்களின் வரலாற்றில் திரும்பத் திரும்பக் காண்பது இதைத்தான். தண்டனை தண்டனை என்ற பெயரில் வருவது அரிது. கடிதம் வராது, தடை வராது, விசாரணை வராது. தொலைபேசி அழைப்பு வருவது மட்டும் நின்றுவிடும். கேட்டால் ஆட்டக் காரணம் ஒன்று தயாராக இருக்கும். அந்தக் காரணத்தில் கொஞ்சம் உண்மையும் இருக்கும்.

எங்களூரிலும் இந்த முறையைக் கண்டிருக்கிறேன். வெளி மாவட்டப் போட்டிக்குப் போய்வந்த அணியில், வாக்களித்த பயணப்படி ஏன் இன்னும் வரவில்லை என்று எல்லார் முன்னிலையிலும் கேட்ட இடதுபுறப் பின்கள வீரர் ஒருவரை எனக்குத் தெரியும். எவரும் அவரை ஏசவில்லை. அடுத்த ஆட்டத்துக்கான பெயர்ப் பட்டியல் முகாமையாளரின் கையிலிருந்த கோப்பில் வந்தபோது அவருடைய பெயர் இல்லை. காரணம் கேட்டதற்கு 'உடற்தகுதி' என்ற ஒரு சொல் கிடைத்தது. அதற்கு முந்திய வாரம் 90 நிமிடமும் ஓடியவர் அவர். அந்தப் பருவகாலம் முழுவதும் அவர் வேலியோரம் நின்று ஆட்டம் பார்த்தார். கேட்டது பணத்தைப் பற்றி, அரசியலைப் பற்றி அல்ல. ஆனாலும் பொறி ஒன்றுதான்.

விளைவு ஆளுக்கு ஆள் ஏன் மாறுகிறது என்பதை விளக்க, எங்களவர்களுக்கு நன்கு தெரிந்த கிரிக்கெட்டிலிருந்து ஓர் உதாரணம் எடுக்கிறேன். இதைவிடத் தெளிவானது எனக்குக் கிடைக்கவில்லை. 2003 பெப்ரவரி 10ஆம் திகதி ஹராரேயில், உலகக் கிண்ணத்தின் நமீபியாவுக்கு எதிரான ஆட்டத்தில், சிம்பாப்வேயின் அன்டி ஃபிளவரும் ஹென்றி ஒலொங்காவும் ஜனநாயகத்தின் மரணத்துக்குத் துக்கம் காட்டுவதாக அறிவித்துக் கறுப்புப் பட்டி அணிந்தார்கள். ஒரே நாள், ஒரே மைதானம், ஒரே அறிக்கை. இருவருடைய சர்வதேச ஆட்டமும் அந்தக் கிண்ணத்தோடு முடிந்தது. இருவரும் நாட்டை விட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு பாதை பிரிந்தது. 34 வயதான ஃபிளவர் உலகத்தரத் துடுப்பாட்ட வீரர். இங்கிலாந்தின் எசெக்ஸ் அணியில் ஆண்டுகள் சில ஆடி, பின்னர் இங்கிலாந்து அணிக்கே பயிற்றுவிப்பாளரானார். 26 வயதான ஒலொங்கா, தம் நாட்டு அணியைத் தவிர வேறு தொழில் தருநர் இல்லாத வேகப்பந்து வீச்சாளர். கொலை மிரட்டல்களுக்கு அஞ்சிப் புலம்பெயர்ந்து, கிரிக்கெட்டை வாழ்க்கைத் தொழிலாகத் தொடர முடியாமல் போனார். துணிவு சமம்; வெளியே காத்திருந்த கதவுகள் சமமல்ல.

இந்தக் கண்ணோடு உதைபந்தாட்டத்தைப் பார்த்தால் பல விடயங்கள் துலங்கும். நோர்வேயின் அடா ஹெகர்பெர்க், பெண்கள் அணியைச் சம்மேளனம் நடத்தும் விதம் பிடிக்காமல் 2017இல் தேசிய அணியை விட்டு விலகினார். 2019 உலகக் கிண்ணத்தையும் துறந்தார். அதே காலத்தில் பிரான்ஸின் லியோன் கழகத்தில் கோல்களைக் குவித்து, 2018இல் பெண்களுக்கு முதன்முறையாக வழங்கப்பட்ட பலொன் டோர் விருதைப் பெற்றார். 2022இல் தேசிய அணிக்குத் திரும்பினார். அவர் எதிர்த்த நிறுவனமும் அவருக்குச் சோறு போட்ட நிறுவனமும் வேறு வேறு என்பதால் அந்த ஐந்து ஆண்டுகளை அவரால் தாங்க முடிந்தது. உலகக் கிண்ணத்தை இழப்பது சிறிய இழப்பு என்று நான் சொல்லவில்லை. வீட்டு வாடகையை இழப்பதிலிருந்து அது வேறுபட்டது என்கிறேன்.

அமெரிக்காவின் மேகன் ரபினோ கேப்பர்னிக்குக்கு ஆதரவாக 2016 செப்டெம்பரில் மண்டியிட்டார். சம்மேளனம் 2017இல் வீரர்கள் நின்றே ஆகவேண்டும் என்று விதி கொண்டுவந்தது. அவர் விதிக்குக் கட்டுப்பட்டு நின்றார். 2019இல் உலகக் கிண்ணத்தையும் அத்தொடரின் சிறந்த வீராங்கனை விருதையும் வென்றார். 2020 ஜூனில் அந்த விதி நீக்கப்பட்டது. அவர் இல்லாமல் கிண்ணம் வெல்ல முடியாது என்ற நிலையே அவருடைய காப்பு.

இதற்கு மறுபக்கம் மெசுட் ஒசில். 2019 டிசெம்பரில் சீனாவின் உய்குர் முஸ்லிம்களுக்காக அவர் சமூக ஊடகப் பதிவொன்றில் குரல் கொடுத்தார். ஆர்சனல் கழகம் அது அவருடைய சொந்தக் கருத்து என்று ஒதுங்கிக்கொண்டது. சீன அரசத் தொலைக்காட்சி அக்கழகத்தின் ஆட்டத்தை ஒளிபரப்பாமல் நிறுத்தியது. 2020 ஒக்டோபரில் லீக் குழாமிலும் ஐரோப்பியக் குழாமிலும் அவருக்கு இடமில்லை. 2021 ஜனவரியில் துருக்கிக்குப் போனார். ஆட்டக் காரணமே என்று பயிற்றுவிப்பாளர் சொன்னார். அவருடைய ஓட்டமும் உழைப்பும் குறைந்திருந்தன என்பது அப்போது ஆட்டம் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்தப் பதிவும் ஒரு காரணமா என்பது வெளியே நிற்பவர் எவராலும் நிறுவ முடியாதது. நான் மேலே சொன்ன பொறியின் வலிமையே அங்குதான் இருக்கிறது.

தனியாகச் செய்வதற்கும் கூட்டாகச் செய்வதற்கும் உள்ள வேறுபாட்டையும் சொல்லியாக வேண்டும். 2017 செப்டெம்பரில் ஜனாதிபதி ட்ரம்ப், மண்டியிடும் வீரர்களை உரிமையாளர்கள் வேலைநீக்கம் செய்ய வேண்டும் என்று மேடையில் பேசியபோது, அந்த வார இறுதியில் 200க்கு மேற்பட்ட வீரர்கள் உட்கார்ந்தோ மண்டியிட்டோ பதிலளித்தார்கள். அத்தனை பேரையும் வெளியேற்ற எந்த லீக்காலும் முடியாது. 2020 ஜூன் 17ஆம் திகதி இங்கிலாந்தின் பிரிமியர் லீக் மீண்டும் தொடங்கியபோது களமிறங்கிய அணிகளின் வீரர்களும் நடுவர்களும் ஒருசேர மண்டியிட்டார்கள்; அதற்காக ஒருவரும் ஒப்பந்தம் இழக்கவில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதரின் தொழிலைப் பறித்த அதே செயல், எல்லாரும் சேர்ந்து செய்தபோது போட்டி நிரலில் ஒரு வரியாயிற்று. முதலில் செய்தவருக்கு அதனால் எந்தப் பயனும் கிட்டவில்லை என்பதுதான் இதில் வருத்தம்.

அரசே எதிரில் நிற்கும் நாடுகளில் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. 2022 நவம்பரில் ஈரானின் முன்னாள் தேசிய வீரர் வோரியா கஃபூரி, போராடிய மக்களுக்கு ஆதரவாகப் பேசியதைத் தொடர்ந்து கைதுசெய்யப்பட்டார். அதே வாரம் கட்டாரில் இங்கிலாந்துக்கு எதிரான ஆட்டத்தில் கீதம் பாடாமல் நின்ற ஈரானிய அணி, அடுத்த ஆட்டத்தில் பாடியது. அந்த உதடுகளைப் பார்த்து எவரும் அவர்களைக் குறை சொல்லக்கூடாது.

சட்டம் காக்குமா? சில இடங்களில் காக்கும். ஜெர்மனியின் மைன்ஸ் கழகம், காசா தொடர்பான பதிவுகளுக்காக 2023 நவம்பரில் அன்வர் எல் காசியின் ஒப்பந்தத்தை முறித்தது. அவர் தொழில் நீதிமன்றம் சென்றார். 2024 ஜூலையில், முறித்தது செல்லாது என்று தீர்ப்பு வந்தது. அடுத்த மாதமே வேல்ஸின் கார்டிஃப் கழகத்தில் சேர்ந்தார். அவருக்கு எழுத்தில் ஓர் ஒப்பந்தம் இருந்தது, அதை முறிக்கத் தக்க காரணம் காட்ட வேண்டிய கடமை கழகத்துக்கு இருந்தது, கேட்க ஒரு நீதிமன்றம் இருந்தது. கேப்பர்னிக்கின் நிலைமை வேறு. முறிக்க ஒப்பந்தமே இல்லாதவரைப் புதிதாகச் சேர்க்குமாறு எந்த நீதிமன்றமும் கட்டளையிடாது. ஒப்பந்தம் முடியும் ஆண்டில் போராடுகிறவர், நடுவில் இருப்பவரைவிடப் பன்மடங்கு ஆபத்தில் இருக்கிறார் என்பதை இதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி நம் நாடு. இங்கே உதைபந்தாட்டம் ஆடி மட்டும் குடும்பம் நடத்துபவர்கள் மிகச் சிலர். இராணுவம், கடற்படை, விமானப்படை, பொலிஸ் ஆகிய அணிகளில் ஆடுபவர்கள் அந்தச் சேவைகளின் சம்பளத்தில் வாழ்பவர்கள். அவர்களைச் சேவை ஒழுக்க விதிகள் கட்டுப்படுத்துகின்றன, விளையாட்டு வீரர் என்பதால் சலுகை கிடைக்காது. 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டத்தின் கீழ், நாட்டைப் பிரதிநிதித்துவம் செய்யும் அணிக்கு விளையாட்டுத்துறை அமைச்சரின் அங்கீகாரம் தேவை. 2023 ஜனவரி முதல் ஓகஸ்ட் வரை பீஃபா நம் சம்மேளனத்தை இடைநிறுத்தியபோது, எந்தத் தவறும் செய்யாத வீரர்கள் சர்வதேச ஆட்டம் இல்லாமல் இருந்தார்கள். ஒரு வீரர் கோபித்துக்கொண்டு போய்ச் சேர இங்கே 32 அணிகள் இல்லை. கீதத்தின்போது நிற்பதா இல்லையா என்பதும் இங்கே எளிய கேள்வி அல்ல. 2016இல் சுதந்திர தின நிகழ்வில் தமிழில் ஒலித்த கீதம் 2020இல் ஒலிக்கவில்லை; எங்கள் மாவட்டத்தில் எந்த மைதானத்தில் எந்த அசைவு எப்படிப் பொருள் கொள்ளப்படும் என்பதை இங்கே வளர்ந்த உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

உள்சட்டை விடயம் ஒப்பீட்டளவில் தெளிவானது. ஆட்ட விதிகளின் 4ஆவது விதி, உடையிலோ உள்ளாடையிலோ அரசியல், மத வாசகங்கள் இருக்கக்கூடாது என்கிறது. மீறினால் போட்டியை நடத்துபவர்கள் தண்டிக்கலாம். கோல் அடித்த மகிழ்ச்சியில் மேற்சட்டையைக் கழற்றினாலோ அதனால் தலையை மூடினாலோ மஞ்சள் அட்டை தனியாக வரும். 2009 ஜனவரியில் செவில்லா கழகத்தின் ஃபிரெடெரிக் கனூட்டே பலஸ்தீனம் என்று எழுதிய உள்சட்டையைக் காட்டினார். 3,000 யூரோ வரை அபராதம் விதிக்கப்பட்டது. தொடர்ந்து அதே கழகத்தில் ஆண்டுகள் சில ஆடினார். ஆனால் அவர் ஆபிரிக்காவின் சிறந்த வீரர் விருது பெற்றவர். முதல் ஒப்பந்தத்தில் இருக்கும் 20 வயது இளைஞர் அவருடைய அபராதத்தை மட்டும் பார்த்துவிட்டுத் தம் விளைவைக் கணிக்கக்கூடாது.

செய்யாதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன், தம்பி. சொல்ல வேண்டியதைச் சொன்னவர்களை நான் மதிக்கிறேன். ஒலொங்காவை ஃபிளவரைவிட ஒரு படி கூடுதலாகவே மதிக்கிறேன். ஆனால் கேட்பது நீங்கள் என்பதால், சில நடைமுறை விடயங்களைச் சொல்வது என் கடமை. வாய்ப் பேச்சில் எந்தக் கழகத்திலும் சேராதீர்கள். எழுத்தில், காலமும் தொகையும் குறித்து, இரு தரப்பும் ஒப்பமிட்ட பிரதி உங்கள் கையில் இருக்கட்டும். சமூக ஊடகப் பதிவுகள், 'கழகத்தின் நற்பெயர்' பற்றிய வாசகங்கள் அதில் எப்படி எழுதப்பட்டுள்ளன என்று பாருங்கள். எல் காசி போன்றோரின் சிக்கல்கள் அந்த வரிகளிலிருந்தே கிளம்புகின்றன. இரண்டு மாதச் சம்பளம் நிலுவையானால், எழுத்தில் அறிவித்து 15 நாள் அவகாசம் கொடுத்தபின் வீரர் ஒப்பந்தத்தை முறிக்கலாம் என்று பீஃபாவின் வீரர் நிலை விதிகளின் 14ஆவது பிரிவையொட்டிய விதி சொல்கிறது. இதை அறியாமல் வெறுங்கையுடன் திரும்பிவரும் வீரர்கள் உண்டு. எதைச் செய்வதாக இருந்தாலும் உடைமாற்றும் அறையில் முதலில் பேசுங்கள்; உங்களுடன் எத்தனை பேர் நிற்பார்கள் என்பது மைதானத்துக்குள் போகுமுன் தெரிந்திருக்க வேண்டும். உயர்தரப் பரீட்சையையோ தொழிற்பயிற்சிச் சான்றிதழையோ பாதியில் விடாதீர்கள். வேறு வருமானம் உள்ளவரின் வாயை மூடுவது கடினம்.

ஒப்பந்தம் ஒன்று கைக்கு வந்தால், ஒப்பமிடுவதற்கு முன் அதன் எல்லாப் பக்கங்களையும் எனக்கு அனுப்புங்கள். வாசித்து, எந்த வரியை மாற்றக் கேட்கலாம் என்று எழுதி அனுப்புகிறேன்.